மெத்தென்று தைத்த லைஃப் ஜாக்கெட்

என் அக்காவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். உட்காரத் தெரிந்தவர்கள், உட்காரத் தெரியாதவர்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டயர்க் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற ஓர் இடத்தில் அவள் சீட் தைக்கிறாள். பைக் சீட், வேன் சீட், முடிதிருத்துகிறவரின் சுழல் நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, எது வந்தாலும் சரி. தடித்த ஊசி போட்ட பழைய மெஷின், சுவரோரம் ரெக்சின் சுருள்கள், பரணில் ஸ்பாஞ்சுப் பலகைகள், எல்லாவற்றின் மேலும் பசை வாடை. அந்த வாடை பட்டால் எனக்குத் தலை வலிக்கும். படாவிட்டால் அவளுக்குத் தலை வலிக்கும்.

தைத்து முடித்த எதையும் அவள் உட்கார்ந்து பார்க்காமல் கொடுக்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள். லேசாக இடமும் வலமும் அசைவாள். சரியில்லை என்றால் வாடிக்கையாளர் வாசலிலேயே காத்திருந்தாலும் பிளேடை எடுத்து சர்ரென்று பிரித்துவிடுவாள்.

"எனக்கு நல்லாத்தானே இருக்கு?" என்று அவர் பதறுவார்.

"உங்களுக்குத் தோல் தடிமன். எனக்குக் குத்துது. நாளைக்கு வாங்க."

நல்லாயில்லாததை நல்லாயிருக்கு என்று சொல்ல அவளுக்கு வராது. சீட்டில் மட்டுமல்ல, எதிலும். என்னைப் பெண் பார்க்க ஒருத்தன் வந்துவிட்டுப் போனதும், "நாற்காலி நுனியில உக்காருறான்டி. இவன் எப்ப வேணா எழுந்து போயிடுவான்" என்றாள். பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்துக் கட்டிக்கொண்டேன். இரண்டே வருஷத்தில் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அக்கா ஒரு நாள்கூட "நான் அப்பவே சொன்னேன்" என்று சொன்னதில்லை. தன் வீட்டு மாடியில் ஓர் அறையைக் காலி பண்ணிக் கொடுத்தாள், அவ்வளவுதான். நான் மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

அந்த மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். கடலுக்கு நடுவே தீவு, தீவின் மேல் கலங்கரை விளக்கம். பகலில் வெள்ளைக் கோடு, இருட்டினால் விட்டு விட்டு ஒரு வெளிச்சம். அக்காவின் மகளுக்கு அப்போது எட்டு வயசு. வீட்டில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். அந்த விளக்கை யார் ஏற்றுகிறார்கள், அவர்களுக்குத் தூக்கம் வராதா, உள்ளே எத்தனை படி, அங்கே பல்லி இருக்குமா என்று கேட்டுக் கேட்டு எங்கள் பிராணனை வாங்குவாள். எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கெல்லாம் நீந்தத் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள்தான் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முட்டளவுக்கு மேல் கடலில் இறங்கியவர் யாருமில்லை.

அந்தத் தீவுக்குப் பயணிகளை ஏற்றிப் போகிற படகுக்காரர் ஒரு நாள் மூட்டையும் கையுமாகக் கடைக்கு வந்தார். மூட்டையைப் பிரித்தால் லைஃப் ஜாக்கெட்டுகள். வெளுத்துப்போன ஆரஞ்சு நிறம், ஓரமெல்லாம் கிழிசல், உள்ளே வெடித்துப் போன கெட்டியான வெள்ளைப் பலகை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் படகில் அந்த ஜாக்கெட்டை யாரும் மாட்டிக்கொண்டதே கிடையாது. படகின் பெஞ்சுகள் வெறும் மரம். ஆளுக்கொரு ஜாக்கெட்டைக் கீழே போட்டு அதன் மேல் உட்காருவார்கள். வருஷக்கணக்காக அதுதான் வழக்கம். படகுக்காரரே அதை "சீட்" என்றுதான் சொன்னார்.

"அக்கா, இந்த சீட்டெல்லாம் கல்லாட்டம் இருக்கு. இறங்கும்போது ஜனங்க இடுப்பைப் பிடிச்சுட்டு என்னைத் திட்டுறாங்க. நல்லா மெத்துன்னு பண்ணிக் கொடுங்க."

மெத்தென்று பண்ணு என்று என் அக்காவிடம் சொல்வது பூனையிடம் பாலைக் குடி என்று சொல்வது மாதிரி. வெள்ளைப் பலகைகளை உருவிக் குப்பையில் போட்டாள். பரணில் இருந்ததிலேயே உயர்ந்த ஸ்பாஞ்சை இறக்கினாள். புது ஆரஞ்சு ரெக்சினில் உறை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, பழைய பட்டைகளையும் கொக்கிகளையும் விடாமல் திரும்ப வைத்துத் தைத்தாள். ஒவ்வொன்றின் மேலும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தாள். உறை நன்றாயிருந்த நாலை மட்டும் பிரிக்கவில்லை. அவற்றை அப்படியே படகுக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, "இது கல்லுதான். எங்கயாவது மூலையில போட்டு வைங்க" என்றாள்.

அவள் ஏமாற்றவில்லை. அவரும் ஏமாற்றச் சொல்லவில்லை. அந்தப் பொருள் எதற்காக உண்டானது என்பதை இரண்டு பேருமே மறந்துபோனார்கள், அவ்வளவுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

வேலை படகுக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "குடும்பத்தோட வாங்கக்கா, ஒரு ஞாயித்துக்கிழமை கலங்கரை விளக்கத்தைச் சுத்திக் காட்டிக் கூட்டிட்டு வரேன்" என்றார். வாயாடி அன்றிலிருந்து எங்களைத் தூங்கவிடவில்லை. அப்படித்தான் நாங்கள் நாலு பேரும் கிளம்பினோம். அக்கா, மாமா, வாயாடி, நான்.

காலையில் கடல் சாதுவாகத்தான் இருந்தது. படகில் இருபது பேருக்கு மேல். கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர், மூன்று பிள்ளைகளோடு ஒரு தம்பதி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அப்புறம் ஒரு சின்னப் பெண். அவள் மடியில் இரண்டு வயசுக் குழந்தை. அவள் புருஷனுக்கு அந்தக் கலங்கரை விளக்கத்தில்தான் வேலையாம். மாசக்கணக்காக அவனைப் பார்க்கவில்லையாம். குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டு, தலையைப் படியப் படிய வாரிவிட்டிருந்தாள்.

தலைமையாசிரியர் உட்கார்ந்ததும் ஒரு தரம் எழுந்து, திரும்ப உட்கார்ந்தார். "அடடே, என்னப்பா இது, போன தடவை முள்ளு மேல உக்காந்த மாதிரி இருந்துச்சு. இப்ப எங்க வீட்டு சோபா தோத்துது!"

"இந்த அக்கா தைச்சதுதான் சார்" என்று படகுக்காரர் கையைக் காட்டினார். எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் பல். மாமா என் காதில், "இன்னிக்கு ராத்திரி உங்கக்கா தரையில நடக்க மாட்டா" என்றார்.

பாதி வழி தாண்டியதும் காற்று மாறியது. தீவுக்கு முன்னால் இரண்டு நீரோட்டங்கள் முட்டிக்கொள்கிற ஓர் இடம் இருக்கிறதாம். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், கலங்கரை விளக்கம் திடீரென்று பக்கத்தில் பெரிதாகத் தெரிந்தது என்பதுதான். கல்லூரிப் பையன்கள் போட்டோ எடுக்க ஒரே பக்கமாக எழுந்து ஓடினார்கள். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. அதே நேரத்தில் ஒரு அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது.

"நடுவுல வாங்க! உக்காருங்கடா!" என்று படகுக்காரர் கத்தினார். தண்ணீர் எஞ்சின் பெட்டிக்குள் போயிருந்தது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

எஞ்சின் சத்தம் நின்ற பிறகுதான் கடலின் சத்தம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. படகு தானாகத் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. அடுத்த அலை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கணுக்கால் வரை தண்ணீர். செருப்புகள் மிதந்து போயின. யாரோ சாமியைக் கூப்பிட்டார்கள், யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள். மாமா ஒரு வாளியைப் பிடுங்கித் தண்ணீரை அள்ளி வெளியே கொட்ட ஆரம்பித்தார். அவர் அள்ளுவதைவிட வருவது அதிகமாக இருந்தது.

"எல்லாரும் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கோங்க! பயப்படாதீங்க, ஜாக்கெட் இருக்கு!"

அந்த வார்த்தை படகுக்காரர் வாயிலிருந்து வந்ததும் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அடித்துப் பிடித்து அடியிலிருந்து உருவி மாட்டிக்கொண்டார்கள். நானும் என்னுடையதை எடுத்தேன். எடுக்கும்போதே அது கனமாக இருந்தது. கீழ்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அக்கா மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. ஜாக்கெட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். குடம் கவிழ்ந்த மாதிரி தண்ணீர் கொட்டியது. கையை எடுத்தாள். அது மெதுவாக உப்பி, அடுத்து உள்ளே விழுந்த அலையின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். பேயறைந்தது போல இருந்தது. என் அக்கா பயந்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"என்னக்கா?"

அவள் என் காதருகே குனிந்தாள். "இது மிதக்காதுடி. நான் ஸ்பாஞ்சு வெச்சுத் தைச்சிருக்கேன். தண்ணியைக் குடிச்சு கீழ இழுத்துட்டுப் போயிடும். எல்லாரும் என்னோடதைக் கட்டிட்டு உக்காந்திருக்காங்கடி."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி ஒரு கணம். அப்புறம் ஓடியது. அக்கா பிரிக்காமல் விட்ட, மிதவைப் பலகை உள்ளேயே இருக்கிற அந்தக் கல்லு ஜாக்கெட்டுகள்! படகின் முனையில், பலகைக்கு அடியில் கயிற்றுச் சுருளோடு அவற்றைப் போட்டு வைத்திருந்ததை ஏறும்போதே பார்த்திருந்தேன். தவழ்ந்து போய் ஒன்றை இழுத்தேன். வாயாடியின் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டி, கொக்கியை இறுக்கி, மேலே என் சால்வையைப் போட்டு மூடினேன். யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் மூடினேன். அதற்காக அன்றும் நான் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்படவில்லை. என் அக்கா பெற்ற ஒரே பிள்ளை அவள்.

"சித்தி, இது குத்துது" என்றாள்.

"குத்தட்டும். வாயை மூடு."

நான் திரும்புவதற்குள் அக்கா பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டாள். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்திருந்தாள்.

"யாரும் அதைக் கட்டாதீங்க! கழட்டுங்க! அது உள்ள ஸ்பாஞ்சு. தண்ணியில விழுந்தா முழுகிடும். நான்தான் தைச்சேன், நான்தான் சொல்றேன், கழட்டுங்க!"

"என்னப்பா இந்தப் பொம்பளைக்கு? பைத்தியமா?" என்று யாரோ கத்தினார்கள்.

"அக்கா, வாயை மூடுக்கா! இருக்கிற பயம் போதாதா?" படகுக்காரர் எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டபடியே அலறினார்.

"பயந்தாலும் பரவாயில்ல, நம்பி சாகக் கூடாது" என்றாள் அக்கா.

யாரும் கழற்றவில்லை. கழற்றுவார்களா? முழுகப் போகிறவன் கையில் கிடைத்ததை விடுவானா? அக்கா இறங்கி, தன் ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்து, அதைக் கடலில் இறக்கினாள். முதலில் அது மிதந்தது. "பாரு, மிதக்குதே!" என்று ஒரு பையன் சொல்லி வாய் மூடவில்லை, மெல்ல மெல்லத் தலை சாய்ந்து, நிறம் மங்கி, தண்ணீருக்கு அடியில் போனது. அக்கா இழுத்தாள். முடியவில்லை. அந்தப் பையனும் சேர்ந்து இழுத்தான். அது படகுக்குள் விழுந்தபோது பிணம் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் அங்கே எழுந்த அலறலை நான் எழுத விரும்பவில்லை. கொக்கிகளைக் கழற்றக்கூட விரல் வராமல் பட்டைகளைப் பல்லால் கடித்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்றார். பையன்கள் தண்ணீர் பாட்டில்களைக் காலி பண்ணி மூடி, சட்டைக்குள் திணித்துக்கொண்டார்கள்.

அக்கா முனைக்குப் போய் மீதிக் கல்லு ஜாக்கெட்டுகளை எடுத்து வந்தாள். தம்பதியின் மூன்று பிள்ளைகளுக்கும் கட்டினாள். கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கிள்ளிப் பார்த்தாள். தன் கை தைத்தது எதுவும் அதில் கலந்திருந்துவிடக் கூடாது என்றுதான் கிள்ளிப் பார்த்தாள்.

பிறகு அந்தச் சின்னப் பெண்ணிடம் வந்தாள். அவள் குழந்தையை ஸ்பாஞ்சு ஜாக்கெட்டுக்குள் பொதிந்து, மூன்று சுற்றுச் சுற்றி, பட்டையை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு வைத்திருந்தாள். பாதுகாப்பாம். குழந்தையின் கண் மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா எப்போதும் இடுப்பில் செருகி வைத்திருக்கும் பிளேடை எடுத்துப் பட்டையை அறுத்தாள். அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தாள்.

"அப்போ இவனுக்கு என்ன பண்றது?" என்று கேட்டாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

அக்கா முனைக்குத் திரும்பிப் போய்க் கயிற்றுச் சுருளுக்கு அடியில் துழாவினாள். பலகைக்கு அடியில் துழாவினாள். தான் பிரிக்காமல் விட்டது நாலு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். என் சால்வை, வாயாடியின் தோளில் புடைத்துக்கொண்டு நின்றது.

அவள் வந்தாள். படகு ஆடிய ஆட்டத்தில் இரண்டு முறை விழுந்து எழுந்து வந்தாள். சால்வையை விலக்கினாள்.

"அக்கா, வேணாம்" என்றேன். "உன் காலில விழுறேன். வேணாம்."

மாமாவும் பார்த்துவிட்டார். வாளியைப் போட்டுவிட்டு, "ஏய், என்ன பண்ற நீ? புத்தி கெட்டுப் போச்சா?" என்று அவள் கையைப் பிடித்தார்.

"என் கையால தைச்ச எமனை ஊரான் பிள்ளைக்குக் கொடுத்துட்டு, நல்லதை என் பிள்ளைக்கு வெச்சுக்கவா?" என்றாள் அக்கா. அழுதுகொண்டேதான் சொன்னாள். கை மட்டும் நிற்கவில்லை. ஒரு கொக்கி. அடுத்த கொக்கி.

"அம்மா, எனக்கு?" என்றாள் வாயாடி.

"நீ என் கூட இரு."

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அதைச் சொன்னவர் கரையில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருப்பார். நான் அந்த நிமிஷத்தில் என் அக்காவை வெறுத்தேன். உடம்பில் இருந்த பயம் முழுக்க வெறுப்பாக மாறியது.

குழந்தைக்கு அந்த ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தது. அக்கா பட்டையைக் காலுக்கு நடுவில் கொடுத்து இறுக்கிக் கட்டினாள். நான் என் சால்வையில் இரண்டு காலிப் பாட்டிலை முடிந்து வாயாடியின் மார்பில் கட்டினேன். எட்டு வயசுப் பிள்ளையை இரண்டு பாட்டில் தாங்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் யாரையும் கேட்கவில்லை. அக்கா அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வாயாடி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தக் குழந்தை போட்டிருந்த ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு அலை எழும்பும்போதும் இதுதான் என்று நினைத்தேன். தண்ணீர் முழங்கால் வரை வந்துவிட்டது. மாமாவும் பையன்களும் வாளி, சாப்பாட்டு டப்பா, தொப்பி என்று கிடைத்ததில் அள்ளிக் கொட்டினார்கள். படகுக்காரர் எஞ்சினை அடித்தார், திட்டினார், கெஞ்சினார். அது அசையவில்லை.

எங்களைக் காப்பாற்றியது கலங்கரை விளக்கத்துக்காரர்கள்தான். மேலேயிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். சின்ன மோட்டார் படகு ஒன்று அலைக்குள் மறைந்தும் தெரிந்தும் வந்து கயிறு வீசியது. கயிறு இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை மாமா அதைத் தாவிப் பிடித்தார், அவர் கால்களை நான் பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொண்டு போய்த் தீவின் படித்துறையில் சேர்த்தார்கள். ஒருவரும் கடலில் விழவில்லை. ஒருவரும் சாகவில்லை.

படித்துறையில் இறங்கியதும் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். மாமா ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். அந்தச் சின்னப் பெண்ணின் புருஷன் ஓடி வந்து குழந்தையைத் தூக்கினான். அவள் அக்காவைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "உங்க சொந்தப் பிள்ளையோடதைக் கழட்டிக் கொடுத்தீங்களாமே, தெய்வம்மா நீங்க" என்றான். அக்கா கையை உருவிக்கொண்டாள். வாயாடி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அக்கா நேராகப் படகுக்குப் போனாள். தான் தைத்த ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டு, பிளேடால் கிழித்தாள். "என் சீட்டுக்கா! என் சீட்டெல்லாம் போச்சு!" என்று படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்களுக்கு எத்தனை தடவைய்யா சொல்றது, இது சீட் இல்ல!" என்று அவள் அவர் மேல் ஈர ஸ்பாஞ்சை வாரி எறிந்தாள். உண்மையில் அதை அவள் அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் பெரிய படகு வந்து எங்களைக் கரைக்குக் கூட்டிப் போகும் என்றார்கள். மறுபடியும் கடலில் ஏற வேண்டும் என்றதும் எல்லோரும் சுவரோரம் ஒண்டி உட்கார்ந்துகொண்டார்கள். கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாயாடி மட்டும், "நான் மேல போகணும்" என்றாள். அவள் வாய் திறந்ததே பெரிய விஷயம் என்று நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஏறினேன்.

உள்ளே சுழன்று சுழன்று போகிற இரும்புப் படிகள். சுவரெல்லாம் ஈரம். கீழே இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. அக்கா எங்களுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தாள். வாயாடி திரும்பிப் பார்க்கவில்லை, நிற்கவும் இல்லை.

மேலே விளக்கு அறையைச் சுற்றிக் கம்பி போட்ட ஒரு நடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். எங்கள் படகு அல்லாடிய இடம் அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது. வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. அக்கா மூச்சு வாங்கியபடி வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள். ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாப்பாவுக்கு நீந்தத் தெரியாதுன்னுதானே அதைக் கொடுத்த?" என்று வாயாடி கேட்டாள். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமாம்மா."

"எனக்கும்தான் தெரியாது."

அக்கா ஈரத் துணியின் ஓரத்தைப் பிழிந்தாள்.

"நான் தண்ணியில விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"நானும் உன் கூடவே வந்திருப்பேன். சேர்த்துத்தானே கட்டியிருந்தேன்."

"உனக்கும் நீந்தத் தெரியாதே."

"தெரியாது."

"அப்போ?"

ஒண்ணும் ஆகியிருக்காதுடா கண்ணு, கடவுள் காப்பாத்தியிருப்பார் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தி நிறுத்தினாள்.

"அப்போ ரெண்டு பேரும் போயிருப்போம்" என்றாள்.

வாயாடி அதை யோசித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்குக்கு விடை தேடுகிற பிள்ளையின் முகம்தான் இருந்தது. பிறகு முதல் தடவையாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாயங்காலம் திரும்பிப் போகும்போதும் இதே மாதிரி ஆச்சுன்னா? மறுபடியும் என்னோடதைக் கழட்டுவியா?"

காற்று சத்தமாக வீசியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். பல் டாக்டரிடமும் முடிதிருத்துகிறவரிடமும் ஒரு பொய் சொல்லத் தெரியாத என் அக்கா, தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்டா" என்றாள்.

வாயாடி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள்.

படி இறங்கும்போது உள்ளே இருட்டாக இருந்தது. அக்கா கையை நீட்டினாள். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.